இணைச்சீருக்கு உட்கார்ந்தவள்

கோபிசெட்டிபாளையம்
14-7-2024

ஏனுங்க,

இங்கே நானும் அம்மாவும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

நான் மதன்குமார். என் கூட்டாளி ரங்கராஜ் வாழை இலை வண்டியோடு கோயமுத்தூர் வந்தவன், சிங்காநல்லூரில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் தோசை தின்றிருக்கிறான். சட்னி நம் வீட்டுச் சட்னி மாதிரியே இருக்கிறதே என்று நிமிர்ந்து பார்த்தால் சேலை கட்டிக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். "பேரு எழிலாம்டா. சாடை அப்படியே உம்பட அம்மாதான்" என்று வந்து சொன்னான். விலாசமும் அவன் வாங்கி வந்ததுதான்.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் வீட்டை விட்டுப் போன அந்த வாரமே அம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போய், "அவங்கூடப் போனுல பேசமாட்டேன்னு சூடத்து மேல சத்தியம் பண்ணுடா" என்றாள். பண்ணிவிட்டேன். வாட்ஸ்அப்பும் போனுக்குள்தான் இருக்கிறது. ஆனால் கடிதம் எழுதமாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணவில்லை பாருங்கள்.

எனக்குக் கல்யாணம். பெண் அந்தியூர், பெயர் கயல்விழி, தமிழ் டீச்சருக்குப் படிக்கிறாள். படிப்பு முடிந்து வைகாசியில் முகூர்த்தம். கல்யாணத்துக்கு உங்கள் சீர் வேண்டும். மறுக்காதீர்கள்.

மதன்குமார்

*

சிங்காநல்லூர்
29-7-2024

சிரஞ்சீவி மதனுக்கு ஆசீர்வாதம்.

நான் நல்ல சுகம். உட்காரக்கூட நேரமில்லாத அளவுக்குச் சுகம்.

கடிதத்தை 'ஏனுங்க' என்று ஆரம்பித்த முதல் ஆள் இந்தக் கொங்கு நாட்டிலேயே நீயாகத்தான் இருப்பாய். பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது! அண்ணன் என்று பழைய முறை சொன்னால் எனக்குக் கோபம் வரும், புது முறை சொல்ல உனக்கு வாய் வராது. இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ள நம் ஊர்ப் பேச்சில் நல்ல சந்து இருக்கிறது.

ஏழு வருஷமாக நான் செத்தேனா பிழைத்தேனா என்று கேட்க நாதியில்லை. கல்யாணம் என்றதும் சீர் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல ஒறம்பரைடா சாமி, நல்ல சொந்தம்! ரங்கராஜிடம் பட்டு வேட்டியும் பித்தளைத் தாம்பாளமும் கொடுத்துவிட்டிருக்கிறேன். சீர் வந்து சேரும், ஆள் வரமாட்டாள். பெண்ணை நன்றாக வைத்துக்கொள்.

எழில்

*

கோபிசெட்டிபாளையம்
9-8-2024

ஏனுங்க,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது.

வேட்டியையும் தாம்பாளத்தையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சண்டைக்காக இல்லை. என் எழுத்துதான் தப்பு. நான் கேட்டது தட்டில் வைக்கும் சீர் இல்லை, இணைச்சீர்!

உறுதி வார்த்தைக்கு வந்த அன்றைக்குக் கயல்விழியின் அப்பா கேட்டார். "மாப்பிள்ளைக்குப் பொறந்தவ இருக்குதுங்களா? இணைச்சீருக்கு ஆருங்க உக்காருவாங்க?" பெரியப்பா மகளைச் சொல்ல அம்மா வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு, "இருக்காங்க, கோயமுத்தூர்ல" என்று சொல்லிப்போட்டேன். அம்மா காப்பி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை பக்கத்தில் மணையில் உட்கார்ந்து, கூறைச்சேலையின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டியவள் அவன் கூடப் பிறந்தவள். இன்னொரு முனை என் கையில் இருக்கும். எதிர் முனையில் பெரியப்பா மகள் இருந்தால் எனக்கு மனசு ஆறாது. வாருங்கள்.

மதன்குமார்

*

சிங்காநல்லூர்
21-9-2024

சிரஞ்சீவி மதனுக்கு ஆசீர்வாதம்.

பதில் தாமதம். உன் கடிதத்தை மடிப்பு கிழியும் வரைக்கும் படித்தேன். மணையில் உன் பக்கத்தில் உட்கார என்னால் முடியாது. பெரியப்பா மகளையே உட்கார வை. இதற்கு மேல் வற்புறுத்தாதே.

அம்மாவின் முட்டிக்கு நொச்சித் தழை போட்டு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

எழில்

*

அந்தியூர்
2-10-2024

நங்கையாவுக்கு,

வணக்கம். நான் கயல்விழி. உங்கள் தம்பி கட்டப்போகிறவள். உங்களுக்கும் கடைக்கும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. "மாட்டேன்னு சொல்லிப்போட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். நீங்கள் 'மாட்டேன்' என்று எழுதவில்லை, 'முடியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். வாழைத்தார் விற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நான் தமிழ் படிக்கிறவள், எனக்கு வேறு வேறு.

ரங்கராஜ் அண்ணனிடம் குடைந்து குடைந்து கேட்டேன். கடை மூடும் வரைக்கும் நீங்கள் உட்காரவே இல்லையாம். சாப்பிட்டதுகூட விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டுதானாம். உடம்புக்கு என்னங்க நங்கையா? அவருக்குச் சொல்ல வேண்டாம் என்றால் என்னிடம் சொல்லுங்கள்.

கயல்விழி

*

சிங்காநல்லூர்
10-10-2024

அம்மணி கயல்விழிக்கு,

நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன் கடிதத்தின் முதல் வார்த்தையிலேயே கவிழ்ந்துவிட்டேன். நங்கையா! நாத்தனாரை அழைக்கிற முறை! இந்த ஏழு வருஷத்தில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், பாதியைத் தபாலில் எழுத முடியாது. எங்கள் வீட்டு முறை வைத்துக் கூப்பிட்ட முதல் ஆள் நீதான். உன் ஆள் இன்னும் ஏனுங்கவிலேயே நொண்டிக்கொண்டிருக்கிறான்.

தமிழ் டீச்சரிடம் பொய் செல்லாது. ஆமாம், என்னால் உட்கார முடியாது, கண்ணு.

வீட்டை விட்டுப் போன புதிதில் வடக்கே ஒரு பெரிய ஊரில் இருந்தேன். சேலை கட்டினால் இடுப்பு பலகை மாதிரி இருக்கிறதே என்று ஒரே வெசனம். ஊசி போட்டுக்கொண்டால் இடுப்பும் பின்பக்கமும் எடுப்பாக வரும் என்றார்கள். போட்டவள் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. கேனிலிருந்து சிலிக்கானை ஊசியில் உறிஞ்சி ஏற்றினாள். குத்திய ஓட்டையைப் பசை வைத்து ஒட்டினாள். ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை இன்றைக்கும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

கொஞ்ச காலம் சும்மா இருந்தது. அப்புறம் கட்டி கட்டியாக இறுகிவிட்டது. தோல் கறுத்து, தொட்டால் சுடுகிறது. காய்ச்சல் வந்து வந்து போகிறது. உட்கார்ந்தால் கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்த மாதிரி உயிர் போகிறது. அதனால் நின்றபடி தோசை வார்க்கிறேன், நின்றபடி தின்கிறேன், பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். ஊரில் என்ன பேர் தெரியுமா? "எழிலு உக்காந்து ஆரும் பார்த்ததில்லீங்க, அப்பேர்ப்பட்ட உழைப்பாளி!" பக்கத்தில் பூக்கடை போட்டிருக்கிற ரம்லாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

அவளிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். மறுநாளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் சைத்ரா என்று ஒருவர், பிளாஸ்டிக் சர்ஜன். ஸ்கேன் படத்தில் கடலைப்பருப்பை வாரி இறைத்த மாதிரி உள்ளே முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது. மாத்திரையும் கட்டிக்குள் போடும் ஊசியும் கொடுத்தால் வீக்கம் அமுங்குமாம், ஆனால் சாமான் உள்ளேயே இருக்குமாம். சின்ன ஓட்டை போட்டுக் குழாய் விட்டு உறிஞ்சுவது இன்னொன்று. தழும்பு தெரியாதே என்று நான் அதற்கு வேகமாகத் தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "பையில அடைச்ச தண்ணின்னா உறிஞ்சிடலாம் எழில். இது சதையோட சதையா ஊறிப்போயிருக்கு. கொஞ்சம் வரும், மீதி கல்லு மாதிரி அப்படியே நிக்கும்" என்றார்.

அப்புறம் இருப்பது கத்திதான். கீறித் திறந்து, கட்டிகளையும் அதோடு கெட்டுப்போன சதையையும் அறுத்து எடுத்து, பக்கத்துச் சதையை இழுத்து மூடித் தைப்பது. ஒரே தடவையில் ஆகாது, இரண்டு ஆபரேஷன். நீளமான தழும்பு நிற்கும். அப்போதும் கடைசிப் பொட்டு வரைக்கும் எடுத்தாயிற்று என்று எந்த டாக்டராலும் சத்தியம் பண்ண முடியாதாம். "ஆனா உக்காரலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் இடுப்பு போய்விடும், கண்ணு. உயிரைப் பணயம் வைத்து வாங்கின இடுப்பு. அதைக் கொடுத்துவிட்டு மணையில் உட்கார்ந்தால் ஊர் என்னை யார் என்று பார்க்கும்? உடம்பில் சேலைகூட நிற்காதே என்று இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மதனிடம் சொல்வதா வேண்டாமா, நீயே பார்த்துக்கொள்.

எழில்

*

கோபிசெட்டிபாளையம்
20-10-2024

ஏனுங்க,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமில்லை என்பது இப்போதுதான் தெரியும்.

கயல்விழி உங்கள் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். படித்துவிட்டு வாழைத் தோட்டத்துக்குள் போய் ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம் உங்கள் மேலேயே கோபம் வந்தது. ஊர் யார் என்று பார்க்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் இடுப்பைப் பார்த்தா நான் கூப்பிட்டேன்? கூப்பிட்டபோது நான் உங்களைப் பார்த்தே ஏழு வருஷம் ஆகியிருந்தது!

சேலைக்குக் கயல்விழி பதில் சொல்லியிருக்கிறாள். "சேலை இடுப்புலயா நிக்குது? பாவாடை நாடாவுல நிக்குதுங்க. நங்கையாகிட்ட எழுதுங்க."

ஆபரேஷனுக்கு நான் வருகிறேன். போனில் பேசமாட்டேன் என்றுதான் சத்தியம், நேரில் நிற்கமாட்டேன் என்று இல்லை.

நடுவில் உங்கள் கடிதத்தை ஒரு நாள் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். மறுநாள் அரிசி டப்பாவின் மேல் இருந்தது. நான் அங்கே வைக்கவில்லை.

மதன்குமார்

*

ஆஸ்பத்திரி, கோயமுத்தூர்
24-11-2024

சிரஞ்சீவி மதனுக்கு ஆசீர்வாதம்.

குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தால் என்னைத் திட்டாதே.

நீ ஊருக்குத் திரும்பிய மறுநாள் டாக்டர் வெட்டி எடுத்ததைப் போட்டோவில் காட்டினார். மஞ்சளாக, கரையாத மாவுக்கட்டி மாதிரி ஒரு கிண்ணம் நிறைய. "இத வெச்சுக்கிட்டா இத்தனை வருசம் தோசை சுட்டீங்க?" என்று கேட்டார். "சுட்டதோட இல்லீங்க டாக்டர், அஞ்சு ரகம் சட்னியும் அரைச்சேன்" என்றேன். வார்டே சிரித்தது. இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் பிப்ரவரியில்.

கையெழுத்துப் போட நீ நின்றபோது நர்ஸம்மா, "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணுங்க?" என்று கேட்டாள் அல்லவா? நீ "தம்பிங்க" என்றாய். அதைச் சொல்ல உனக்கு வாய் வந்துவிட்டது. அதற்கு எதிர்ப்பதம் ஒன்று இருக்கிறது, டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

ஒரு சந்தேகம். இலை வண்டி வரும் நாளெல்லாம் ரங்கராஜ் ஒரு தூக்குப்போசி கொண்டுவந்து வைக்கிறான். அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், ஓரத்தில் கத்தரிக்காய். யார் கொடுத்து விடுவது என்று கேட்டால், "சாப்புடுங்க, கேள்வி கேக்காதீங்க" என்கிறான். பெருங்காயத்தை இவ்வளவு அள்ளிப் போடுகிறவர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். நீ என்ன சொல்கிறாய்?

எழில்

*

கோபிசெட்டிபாளையம்
6-1-2025

ஏனுங்க,

நாங்கள் சுகம். தையல் ஒரு பக்கம் விட்டுப்போய்க் காய்ச்சலில் திரும்பவும் சேர்த்திருக்கிறார்கள் என்று ரங்கராஜ் சொன்னான். வைகாசிக்குள் ஆறாவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் அழுததையும் சொன்னான். முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கலாமா என்று கயல்விழியின் அப்பாவிடம் கேட்டேன். "தள்ளுங்க மாப்ளே, பொண்ணு எங்கியும் ஓடிப்போயிறாது" என்கிறார். அதனால் வெசனப்படாமல் படுத்திருங்கள்.

பெரியப்பாதான் குதிக்கிறார். இணைச்சீருக்கு நீங்கள் உட்கார்ந்தால் அவர் பந்திக்கே வரமாட்டாராம். வராவிட்டால் ஒரு இலை மிச்சம்.

தூக்குப்போசி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் பெருங்காயம் அடிக்கடி தீர்ந்துபோகிறது, அது மட்டும் தெரியும்.

மதன்குமார்

*

சிங்காநல்லூர்
30-4-2025

சிரஞ்சீவி மதனுக்கும் கயல்விழிக்கும் ஆசீர்வாதம்.

முகூர்த்தத்தைத் தள்ள வேண்டாம். தள்ளினால் உதைப்பேன்!

வலது பக்கமும் ஆறிவிட்டது. உள்ளே துணுக்குத் துணுக்காகக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றும், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். காட்டினால் போகிறது. இரண்டு பக்கமும் தழும்பு மண்புழு மாதிரி ஓடுகிறது. கண்ணாடியில் பார்த்து முதல் நாள் அழுதேன், இரண்டாம் நாள் கொஞ்சமாக அழுதேன், அப்புறம் கடைக்கு மாவு ஆட்ட நேரமாகிவிட்டது.

நேற்று உக்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தேன். ஜன்னலோரம் ஒரு சீட் காலி. பழக்க தோஷத்தில் பக்கத்தில் நின்ற அம்மாவிடம், "நீங்க உக்காருங்க" என்று சொல்லப் போனேன். சட்டென்று வாயை மூடிக்கொண்டு நானே உட்கார்ந்தேன்! மெதுவாகத்தான். கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். சிங்காநல்லூர் வந்தும் இறங்க மனசில்லை. கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் உட்கார்ந்தபடியே திரும்பி வந்தேன். கண்டக்டர், "ஏனுங்க அம்மணி, ஊரு சுத்திப் பாக்கறீங்களா?" என்றார். ஆமாங்க என்றேன்.

இறங்கி ரம்லாவிடம் சொன்னேன். பூ கட்டுவதை விட்டுவிட்டு, தன் ஸ்டூலை எடுத்து வந்து போட்டு, "உக்காரு, நானும் பாக்கோணும்" என்றாள். உட்கார்ந்தேன். அழுதுபோட்டாள்.

வருகிறேன். மணையைத் துடைத்து வை.

எழில்

*

சிங்காநல்லூர்
12-6-2025

சிரஞ்சீவி மதனுக்கும் கயல்விழிக்கும் ஆசீர்வாதம்.

விருந்துச் சாப்பாட்டில் இரண்டு பேரும் ஒரு சுற்றுப் பெருத்திருப்பீர்கள். நான் அமோகமாக இருக்கிறேன். கல்யாணத்தில் உனக்குத் தெரியாமல் நடந்ததை எழுதுகிறேன். மாப்பிள்ளைக் கோலத்தில் நீ எதைத்தான் பார்த்தாய்?

அறையில் ரம்லா எனக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். எட்டு வருஷம் கழித்து நேருக்கு நேர். முடி நரைத்திருந்தது. அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். கிட்டே வந்து கொசுவத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"நாடாவ நல்லா இறுக்கிக் கட்டீட்டயா? இறுக்கிக் கட்டுனா சேலை எங்கியும் போகாது, கண்ணு" என்றாள்.

மதன், சேலை நிற்காது என்ற வெசனத்தை நான் எழுதியது கயல்விழிக்கு மட்டும்தான். அரிசி டப்பா மேல் அந்தக் கடிதம் எப்படிப் போனது என்று இப்போதாவது தெரிந்ததா? நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "பொட்டு அழியுது, உடு" என்று திட்டிக்கொண்டே என்னை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

வெளியே பெரியப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "இணைச்சீருக்கு ஆரு உக்காரறது? எம்புள்ளையக் கூப்புடறேன்" என்று எழுந்தார். அம்மா அங்கேயே நின்றாள். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்துகிற மாதிரி ஒரு குரல். "மாப்பிள்ளைக்குப் பொறந்தவ இருக்கறப்ப, பங்காளி ஊட்டுப் புள்ளைய எதுக்குங்க தேடோணும்? எம்பட மூத்த மக உக்காருவா."

மக என்றாள், மதன். மண்டபம் முழுக்கக் கேட்டது.

அப்புறம் நடந்தது உனக்கும் தெரியும், ஆனாலும் எழுதுவேன், எனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. மணையின் மேல் அம்மா தன் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டிருந்தாள். உட்கார்ந்தேன். கூறைச்சேலையின் ஒரு முனை உன் கையில், ஒரு முனை என் கையில். நீ உன் முனையை இறுக்கிப் பிடித்தது எனக்குச் சேலை வழியாகவே தெரிந்தது. சீர் எல்லாம் முடிந்து, சீர் செய்து வைத்த அருமைக்காரர், "ஆச்சு, எந்திரி அம்மணி" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறனுங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. பெரியப்பா முகூர்த்தம் தப்பிப்போகும் என்று கத்தினார்.

"முகூர்த்தத்துக்கு நேரம் கெடக்குது. நின்னு நின்னு ஓஞ்ச புள்ள. உக்காரட்டும் உடுங்க" என்றாள் அம்மா.

உட்கார்ந்தேன். மேளம் ஒரு பாட்டை முழுசாக வாசித்து முடிக்கும் வரைக்கும் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கடைக்கு இப்போது ஒரு ஸ்டூல் வாங்கியிருக்கிறேன். உழைப்பாளி என்ற பேர் போய்விட்டது. போகட்டும்.

எழில்

*

கோபிசெட்டிபாளையம்
17-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கயல்விழியும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலிகூடக் குறைந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைக் கயல்விழி சத்தமாகப் படித்தாள். அம்மா கேட்டுக்கொண்டே பருப்பு புடைத்தாள். முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சத்தியத்த வாங்குனது நாந்தான? நானே திருப்பிக் குடுத்துட்டேன். சாமிகிட்டக் காலைலயே சொல்லிப்போட்டேன். போனப் போடுடா எம்புள்ளைக்கு" என்றாள். இப்போது என் பக்கத்திலேயே நிற்கிறாள், எழுதி முடிக்க விடமாட்டேன் என்கிறாள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் நாம் பத்துத் தடவை பேசியிருப்போம். சொல்வதற்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

இருந்தாலும் தபாலில் போடுகிறேன், அந்த முதல் வரிக்காக.

உங்கள் தம்பி,
மதன்குமார்